கோட்டக்கல் தந்த வைத்தியரத்னம்

அறிவைப் பெருஞ்செல்வம் என்று நம் முன்னோர் போற்றினர். ஆயினும் பொன்னுக்கும் அறிவுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பொன்னைப் பெட்டியில் பூட்டி வைத்தால் அது அப்படியே இருக்கும். அறிவைப் பூட்டி வைத்தால், பெட்டியைத் திறக்கும் நாளில் உள்ளே ஒன்றும் இராது. எடுத்து வழங்க வழங்க வளர்வதும், மறைத்து வைக்க வைக்கத் தேய்வதும் அறிவின் இயல்பு. இந்த உண்மையைத் தமது வாழ்வால் விளக்கிக் காட்டியவர், கேரளத்தில் தோன்றிய வைத்தியரத்னம் பி. எஸ். வாரியர்.

கோட்டக்கல் என்றவுடன் ஆயுர்வேதம் நினைவுக்கு வருவது இன்று பாரதம் முழுவதும் இயல்பாகிவிட்டது. தைலத்தின் மணமும் கஷாயத்தின் கசப்பும் அவ்வூரின் பெயரோடு கலந்துவிட்டன. ஆனால் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. அழிந்துகொண்டிருந்த ஒரு கலையைக் காக்க, எளிய குடும்பத்தில் பிறந்த ஓர் இளைஞர் தமது வாழ்நாளையே அர்ப்பணித்தார். அவரது வாழ்க்கையை இங்கே காண்போம்.

தேய்ந்து வந்த செல்வம்

ஆங்கிலேயர் ஆட்சியில் நம் நாட்டு வைத்திய முறைகள் மெல்ல மெல்லப் பின்னுக்குத் தள்ளப்பட்டன. 1835-ஆம் ஆண்டு கல்கத்தாவில் மேனாட்டு முறையில் மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது. அதுவரை அங்கே வடமொழிக் கல்லூரியில் நடந்து வந்த ஆயுர்வேத வகுப்புகள் அவ்வாண்டிலேயே மூடப்பட்டன. அரசின் ஆதரவும் பதவியும் மதிப்பும் ஒரு பக்கமே சென்றன. ஆயுர்வேதம் படித்தவனுக்குச் சான்றிதழும் இல்லை, சமூகத்தில் முன்பிருந்த இடமும் இல்லை.

கேரளத்தில் இந்தக் கலை ஓரளவு உயிரோடிருந்தது. அஷ்ட வைத்தியர்கள் எனப்படும் சில குடும்பத்தினர் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தை மனப்பாடம் செய்து, தலைமுறை தலைமுறையாக வைத்தியம் செய்து வந்தனர். உடலெங்கும் இளஞ்சூடான தைலம் பிழியும் பிழிச்சல், ஞவரை அரிசியைப் பாலில் வேகவைத்துத் துணியில் கட்டி ஒற்றும் ஞவரக்கிழி, நெற்றியில் இடைவிடாது ஒழுக விடும் தாரை முதலிய சிகிச்சைகள் அங்கே பேணப்பட்டன.

ஆனால் அங்கும் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, நுட்பமான செய்முறைகள் பல குடும்பத்துக்குள்ளேயே தங்கிவிட்டன. தகுந்த வாரிசு இல்லாத வீட்டில், மூத்த வைத்தியர் கண்மூடும்போது அவருடைய அனுபவமும் அவரோடு சென்றுவிடும். இரண்டாவது குறை நோயாளியின் வீட்டில் இருந்தது. வைத்தியர் சீட்டு மட்டுமே எழுதித் தருவார். மூலிகைகளைத் தேடிப் பறித்து, காயவைத்து, இடித்து, அளவறிந்து, பல மணி நேரம் அடுப்பருகே அமர்ந்து கஷாயம் காய்ச்ச வேண்டியது வீட்டாரின் பொறுப்பு. பெரிய கூட்டுக் குடும்பங்கள் இருந்தவரை இது நடந்தது. குடும்பங்கள் சிதறி, மூலிகையை இனங்காணத் தெரிந்த பெரியோர் குறைந்தபோது, சீட்டு கையில் இருந்தும் மருந்து கிடைக்காத நிலை ஏற்பட்டது. ஏழை எளியோர் பாடு இன்னும் கடினம். மருந்து கிடைக்காத வைத்தியத்தின்மீது மக்களுக்கு எவ்வாறு நம்பிக்கை நிலைக்கும்?

இளமையும் குருகுலமும்

அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் ஜில்லாவில் கோட்டக்கல் ஒரு சிற்றூர். அங்கே பன்னியின்பள்ளி என்ற குடும்பத்தில் 1869-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16-ஆம் நாள் சங்குண்ணி பிறந்தார். வாரியர் சமூகத்தினர் கோயிற் பணியைக் குலத்தொழிலாகக் கொண்டவர்கள். இறைவனுக்கு மாலை தொடுப்பதும் வடமொழி கற்பதும் அவர்களது மரபு. சங்குண்ணியும் இளமையிலேயே வடமொழியைக் கற்றார். இசையிலும் கவிதையிலும் அவருக்கு இயற்கையாகவே நாட்டம் இருந்தது.

வைத்தியம் கற்க வேண்டும் என்ற ஆவல் எழுந்தபோது, அவர் அஷ்ட வைத்திய மரபைச் சேர்ந்த குட்டஞ்சேரி வாசுதேவன் மூஸ் அவர்களை நாடிச் சென்றார். குருவின் இல்லத்திலேயே தங்கிப் பயின்றார். அக்காலக் குருகுலக் கல்வி என்பது நூலை ஒப்பிப்பது மட்டுமன்று. குரு நோயாளியைக் காணும்போது உடன் நிற்க வேண்டும். நாடி, நாக்கு, கண், குரல் ஆகியவற்றை அவர் கவனிக்கும் விதத்தைத் தானும் கவனிக்க வேண்டும். எந்த வேரை எந்தப் பருவத்தில் தோண்டுவது, தைலம் எந்தப் பக்குவத்தில் இறக்கப்படுவது என்பனவெல்லாம் கையால் செய்து பழகியே வர வேண்டியவை. பணிவும் பொறுமையும் உள்ள மாணவனுக்கே அவை கைகூடும். சங்குண்ணி அத்தகைய மாணவராக விளங்கினார்.

கண் நோய் காட்டிய வழி

ஊர் திரும்பி வைத்தியம் செய்து வந்த வாரியரின் வாழ்வில் ஒரு சோதனை குறுக்கிட்டது. அவருக்கே கண்ணில் நோய் கண்டது. மஞ்சேரியில் அரசு மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் வி. வர்கீஸ் என்னும் மேனாட்டு முறை மருத்துவரிடம் அவர் சிகிச்சை பெற்றார்.

ஆயுர்வேத வைத்தியர் ஒருவர் ஆங்கில மருத்துவரிடம் செல்வதைச் சிறுமையாகக் கருதக்கூடிய காலம் அது. வாரியரோ அதைக் கற்றுக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பாகவே கண்டார். நோய் தணிந்த பின்னும் டாக்டர் வர்கீஸை விட்டு அவர் அகலவில்லை. அவரையே குருவாகக் கொண்டு மேனாட்டு மருத்துவத்தின் அடிப்படைகளைப் பயின்றார். மனித உடலின் உள்ளமைப்பு அங்கே எவ்வளவு தெளிவாகக் கற்பிக்கப்படுகிறது என்பதையும், மருந்துகள் ஒரே அளவில் ஒரே தரத்தில் முன்கூட்டியே செய்யப்பட்டு மருத்துவமனையில் தயாராக இருப்பதையும் அவர் கூர்ந்து கவனித்தார்.

இந்த அனுபவம் அவரது உள்ளத்தில் இரண்டு எண்ணங்களை விதைத்தது. மேனாட்டு மருத்துவம் பரவியதற்கு அரசின் ஆதரவு மட்டுமே காரணம் என்று சொல்லி ஆறுதல் அடைவதில் பயனில்லை. அதன் ஒழுங்கும் ஒரு காரணம். அந்த ஒழுங்கை நாம் கைக்கொண்டால், நம் மருத்துவத்தின் உயிர்நிலை எதையும் இழக்காமலேயே அதை எழுச்சி பெறச் செய்யலாம். சொந்த மரபில் ஆழமாக வேரூன்றியவனே பிறரிடம் அஞ்சாமல் கற்க முடியும் என்பதற்கு வாரியர் நல்ல சான்று.

ஆரிய வைத்திய சாலை

1902-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 12-ஆம் நாள் கோட்டக்கல்லில் ஆரிய வைத்திய சாலையை வாரியர் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. நூல்களில் சொல்லப்பட்ட முறை வழுவாமல் ஆயுர்வேத மருந்துகளைச் செய்து, உண்ணும் நிலையிலேயே மக்களுக்கு வழங்குவது அதன் நோக்கம்.

இன்று இது சாதாரணமாகத் தோன்றலாம். அன்று இதில் பெரிய இடர்கள் இருந்தன. அரிஷ்டம், ஆசவம், லேகியம், தைலம் ஆகியவை நெடுநாள் இருக்கும் தன்மையுடையவை. கஷாயமோ காய்ச்சிய அன்றே உட்கொள்ள வேண்டியது. மறுநாளே புளித்துவிடும். அதனைக் கெடாமல் புட்டியில் அடைத்துத் தரும் வழியைப் பலமுறை செய்து பார்த்து வாரியர் கண்டறிந்தார். தொலைவிலுள்ள ஊர்க்காரரும் கஷாயத்தை வாங்கிச் சென்று வீட்டில் வைத்து உண்ணும் நிலை உருவாயிற்று. அடுப்பும் உரலும் ஆளும் இல்லாத வீட்டுக்கும் ஆயுர்வேதம் சென்று சேர்ந்தது.

மரபில் ஊறியவர்களுக்கு இம்முயற்சியைப் பற்றி ஐயங்கள் எழுவது இயற்கையே. ஆயுர்வேதத்தில் ஒவ்வொரு நோயாளியும் தனி. ஒருவரது உடல்வாகு, வயது, பருவம், செரிமானம் ஆகியவற்றைப் பார்த்தே மருந்தைக் கூட்டியும் குறைத்தும் தர வேண்டும். எல்லோருக்கும் ஒரே புட்டி என்றால் அந்த நுட்பம் என்னவாகும்? மருந்து விலைப்பொருளானால் வைத்திய தர்மம் என்னவாகும்? இவை தள்ளிவிட முடியாத கேள்விகள். இன்றும் ஆயுர்வேதத்தின்முன் இவை நிற்கின்றன.

வாரியர் இவற்றுக்குத் தமது செயலால் விடை தந்தார். எந்த மருந்து எவருக்கு, எந்த அளவில், எந்தப் பத்தியத்தோடு என்பதை விளக்கிச் சிகித்ஸா சங்கிரகம் என்ற கையேட்டை எழுதினார். மருந்தை மட்டும் கொடுத்துவிட்டு அறிவைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் வணிகரின் வழியை அவர் பின்பற்றவில்லை. மருந்தோடு அதைப் பற்றிய அறிவையும் சேர்த்தே வழங்கினார். வைத்தியர் நோயாளியை நேரில் கண்டு செய்யும் சிகிச்சையையும் அவர் கைவிடவில்லை.

இதழும் பாடசாலையும்

மருந்துச் சாலை ஒன்றால் மட்டும் ஒரு கலை வாழ்ந்துவிடாது; கற்றவர்கள் வேண்டும். தனித்தனியே இருந்த வைத்தியர்களை ஒன்றுகூட்ட ஆரிய வைத்திய சமாஜம் என்ற அமைப்பை வாரியர் உருவாக்கினார். 1903-ஆம் ஆண்டு தன்வந்தரி என்ற மலையாள மருத்துவ மாத இதழைத் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். வீட்டுத் திண்ணையிலும் ஓலைச் சுவடியிலும் அடங்கியிருந்த செய்திகள் அச்சில் ஏறின. ஒருவர் கண்ட அனுபவம் பலருக்கும் பொதுவாயிற்று. வீட்டுக்குள் மறைவாக இருந்த செய்முறைகளை அச்சிட்டு எல்லோர் கைக்கும் தருவதற்கு எத்தகைய மனம் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சமாஜத்தின் நெடுநாள் கனவு 1917-ஆம் ஆண்டு நனவாயிற்று. கோழிக்கோட்டில் ஆரிய வைத்திய பாடசாலை தொடங்கப்பட்டது. 1924-ஆம் ஆண்டு அது கோட்டக்கல்லுக்கு மாற்றப்பட்டது. வைத்தியர் வீட்டில் பிறந்தால்தான் வைத்தியம் கற்கலாம் என்ற நிலை அகன்று, கற்கும் ஆர்வம் உடையவர்க்கு வழி திறந்தது. வாக்படரோடு மேனாட்டு உடற்கூற்றியலும் அங்கே பாடமாயிற்று.

சென்னை மாகாண அரசும் அக்காலத்தில் நம் நாட்டு வைத்தியங்களைப் பற்றி ஆராய முன்வந்தது. முகமது உஸ்மான் தலைமையில் 1921-ல் அமைக்கப்பட்ட குழு 1923-ல் அறிக்கை தந்தது. அதன் பயனாக 1925-ல் சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளி திறக்கப்பட்டு, ஆயுர்வேதமும் சித்தமும் யுனானியும் கற்பிக்கப்பட்டன. அரசு விழித்தெழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, மக்கள் ஆதரவை மட்டுமே நம்பி வாரியர் தம் பணியைத் தொடங்கியிருந்தார்.

இழந்ததை மீட்டல்

பண்டைய சுசுருதர் உடற்கூற்றை நேரில் அறுத்துப் பார்த்து அறிய வேண்டும் என்று வலியுறுத்தியவர். இறந்தவர் உடலைப் புல்லால் சுற்றிக் கூண்டிலிட்டு, ஓடும் நீரில் ஏழு இரவுகள் வைத்துப் பின் அடுக்கடுக்காகத் தேய்த்து ஆராயும் முறையை அவரது நூல் கூறுகிறது. காலப்போக்கில் அந்த வழக்கம் மறைந்தது. நூல் இருந்தது, நேரில் காணும் பயிற்சி போயிற்று. அதனால் உடலின் உள்ளமைப்பைப் பற்றிய அறிவில் ஆயுர்வேதம் பின்தங்கியது.

இக்குறையை மறைத்துப் பேசாமல் நேரே எதிர்கொண்டார் வாரியர். ஆயுர்வேதத்தின் சொற்களையும் மேனாட்டு உடற்கூற்றியலின் கண்டுபிடிப்புகளையும் இணைத்து அஷ்டாங்க சாரீரம் என்ற நூலை வடமொழியில் இயற்றினார். அது 1925-ல் வெளிவந்தது. முதுமையிலும் அவர் ஓயவில்லை. பிருஹச்சாரீரம் என்ற விரிவான நூலை எழுதும் பணியில் ஈடுபட்டார். மரபில் குறை இருந்தால் அதை ஒப்புக்கொண்டு நிரப்புவதும் மரபைக் காக்கும் பணியே என்று அவர் கருதினார் என்பதை இந்நூல்கள் காட்டுகின்றன. 1933-ஆம் ஆண்டு அன்றைய இந்திய அரசு அவருக்கு வைத்தியரத்னம் என்ற பட்டம் அளித்துப் பெருமைப்படுத்தியது.

நோய்க்குச் சாதி ஏது, மதம் ஏது?

1924-ஆம் ஆண்டு ஏழைகளுக்கான இலவச மருத்துவமனை ஒன்றையும் வாரியர் தொடங்கினார். ஆயுர்வேதப் பிரிவோடு மேனாட்டு மருத்துவப் பிரிவும் அங்கே இயங்கியது. நோயாளியின் துன்பம் தீர்வதே முதன்மை, எந்த முறையால் தீர்ந்தது என்பது அடுத்ததே என்ற அவரது உள்ளப் பாங்கை இது காட்டுகிறது.

1921-ஆம் ஆண்டு மலபாரில் மாப்பிள்ளைக் கிளர்ச்சி மூண்டது. மக்கள் அச்சத்தால் ஊரைவிட்டு ஓடினர். அந்தக் கொடிய நாட்களில் வாரியர் கோட்டக்கல்லிலேயே இருந்து, இந்து முஸ்லிம் என்ற வேறுபாடு பாராமல் துன்புற்றோருக்கு உதவினார். நோயுற்றவன் தன் முன் வந்தால் அவன் பெயரையோ குலத்தையோ கேளாது நாடியைப் பிடிப்பவனே வைத்தியன். அந்தப் பழக்கம் கலவர காலத்திலும் அவரைவிட்டு நீங்கவில்லை. அவர் வாழ்ந்த கைலாச மந்திரம் என்னும் மாளிகையின் முகப்பில் இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமியச் சமயங்களின் சின்னங்கள் மூன்றும் அமைந்துள்ளன. அதற்கு அருகிலேயே தம் இஷ்ட தெய்வத்துக்கு விசுவம்பரர் ஆலயத்தையும் அவர் எழுப்பினார். தம் தெய்வத்தின்மீது மாறாத பக்தியும் பிறர் தெய்வத்தின்மீது மாறாத மரியாதையும் அவரிடம் ஒருங்கே குடிகொண்டிருந்தன.

கலையையும் காத்தவர்

உடல் நோய்க்கு மருந்து தந்தவர் உள்ளத்துக்கான கலைகளையும் மறக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த சங்கீத நாடகக் குழுக்கள் அக்காலத்தில் கேரள மக்களைப் பெரிதும் கவர்ந்தன. அதே முறையில் மலையாளத்தில் நாடகங்கள் நடத்த விழைந்து, 1909-ஆம் ஆண்டு பரமசிவ விலாசம் நாடகக் குழுவை வாரியர் அமைத்தார். தாமே நாடகங்களும் பாடல்களும் எழுதினார்.

பின்னர், ஆதரவின்றி வாடிய கதகளியின்பால் அவர் கவனம் சென்றது. 1939-ஆம் ஆண்டு பி. எஸ். வி. நாட்டிய சங்கம் உருவாயிற்று. ஆண்டுதோறும் விசுவம்பரர் ஆலயத் திருவிழாவில் இரவெல்லாம் கதகளி நடைபெறுவது இன்றும் வழக்கம். கதகளி மாணவர்களின் உடலைப் பதப்படுத்த மழைக்காலத்தில் எண்ணெய் தேய்த்து உழிச்சல் செய்வார்கள். வைத்தியமும் கலையும் ஒரே பண்பாட்டின் இரு கிளைகள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தமதென்று வைத்துக்கொள்ளாத துறவு

வாரியரின் வாழ்வில் முடிமணியாக விளங்குவது அவர் எழுதிய உயில். தம் அறிவாலும் உழைப்பாலும் வளர்த்த வைத்திய சாலை பெருஞ்செல்வம் ஈட்டும் நிறுவனமாகியிருந்தது. குடும்பச் சொத்தாக அதனைப் பங்கிட்டுத் தந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பங்கிட்ட சொத்து இரண்டு தலைமுறையில் சிதறும் என்பதை அவர் அறிவார். 1939-ஆம் ஆண்டு எழுதிய உயிலில் வைத்திய சாலை முழுவதையும் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். வருவாயில் ஒரு பகுதி குடும்பத்தினரின் நலனுக்கும், எஞ்சியது நிறுவனத்தின் வளர்ச்சி, இலவச மருத்துவமனை, பாடசாலை, நாட்டிய சங்கம் ஆகியவற்றுக்கும் செல்ல வழிவகுத்தார்.

இல்லறத்தில் இருந்துகொண்டே இவ்வாறு உரிமையைத் துறப்பது எளிதன்று. குடும்பங்களுக்குள் அடங்கிக் கிடந்த வைத்தியத்தை வெளியே கொணர்ந்தவர், தாம் உருவாக்கியதை மீண்டும் ஒரு குடும்பத்தின் பெட்டிக்குள் அடைபட விடவில்லை. தாம் போதித்ததைத் தம் சொத்திலேயே செய்து காட்டினார்.

1944-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 30-ஆம் நாள் வாரியர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவருக்குப் பின் மருமகன் பி. மாதவ வாரியர் பொறுப்பேற்றார். 1953-ல் விமான விபத்தில் அவர் மறைந்ததும், மற்றொரு மருமகனான டாக்டர் பி. கே. வாரியர் அப்பணியைத் தொடர்ந்தார். நூறு வயது நிறைந்து 2021-ஆம் ஆண்டு ஜூலையில் மறையும்வரை அவர் அந்நிறுவனத்தை வழிநடத்தினார். வாரியர் தொடங்கிய பாடசாலை இன்று அவர் பெயரைத் தாங்கிய ஆயுர்வேதக் கல்லூரியாக விளங்குகிறது.

நமக்கு ஒரு பாடம்

1995-ஆம் ஆண்டு, புண்ணை ஆற்றும் மஞ்சளின் குணத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் பாட்டிமார் அறிந்த செய்தி அயல்நாட்டில் ஒருவரது உடைமையாயிற்று. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் இதனை எதிர்த்து, நம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டியது. 1997-ல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. அங்கே நம்மைக் காத்தது எது? எழுதி வைக்கப்பட்ட நூல். இதன்பின்னரே 2001-ல் நம் பாரம்பரிய மருத்துவ அறிவைத் தொகுக்கும் மின்னணு நூலகப் பணியை அரசு தொடங்கியது. ஒருவரும் அறியாதவாறு மறைத்து வைத்த அறிவைப் பிறர் தமதென்று கூறினால் தடுக்க வழியில்லை. எழுதி, கற்பித்து, பலர் கையில் பயன்படும் அறிவே பாதுகாப்பான அறிவு. வாரியர் 1902-லேயே நடந்து காட்டிய பாதை இதுதான்.

நம் ஒவ்வொருவர் இல்லத்திலும் ஏதேனும் ஒரு சிறு பொக்கிஷம் உண்டு. பாட்டியின் கைமருந்தாக, கொல்லையில் வளரும் பெயர் தெரியாத செடியாக, பரண்மேல் கிடக்கும் ஓலைச் சுவடியாக, முதியவர் ஒருவர் மட்டுமே அறிந்த பாடலாக அது இருக்கலாம். அம்முதியவரின் அருகில் அமர்ந்து கேட்டு, எழுதி வைத்து, நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது நம்மால் இயலக்கூடிய பணியே. விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றுவதால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை. ஏற்றத் தவறினாலோ, எண்ணெய் தீரும்போது வீடே இருளாகும். எண்ணெய் உள்ளபோதே அடுத்த விளக்கை ஏற்றி வைப்போம்.